லிபிட் ரிப்போர்ட்டில் முதல் வரியோடு நிற்காதீர்கள்

கும்பகோணமோ மன்னார்குடியோ, லேபில் ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நாம் பார்ப்பது மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற வரியைத்தான். 200-க்குக் கீழே இருந்தால் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக டிபன் சாப்பிடப் போய்விடுவோம். ஆனால் மூன்று வேளையும் அரிசிப் பலகாரமும் சோறுமாகப் போகிற டெல்டாவில் பலருக்கும் ஏறுவது ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, இறங்குவது 'நல்ல கொலஸ்ட்ரால்' என்கிற எச்.டி.எல், இரண்டும் சேரும்போது மொத்தம் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும்.

அதனால் பேனாவை எடுத்து ஒரு கழித்தல் போடுங்கள். மொத்தம் 198, எச்.டி.எல் 34, ட்ரைகிளிசரைடு 260 என்று வைத்துக்கொள்வோம். 198-லிருந்து 34 போனால் 164. இதுதான் நான்-எச்.டி.எல், அதாவது ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால். சாதாரணமானவருக்கே இது 130-க்குக் கீழே இருக்க வேண்டும், மொத்தம் நார்மல் என்று சொன்ன அதே ரிப்போர்ட்தான் இது!

'கெட்ட கொலஸ்ட்ரால்' என்கிற எல்.டி.எல் வரியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பல லேப்களில் அதை அளப்பதில்லை, 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரப்படி கணக்குப் போட்டு எழுதுகிறார்கள்: மொத்தத்தில் எச்.டி.எல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது. நம் உதாரணத்தில் 112 வரும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்ப முடியாது, நேரடியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

112 நல்லதா கெட்டதா என்பது அது யாருடைய ரத்தம் என்பதைப் பொறுத்தது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் சொன்னபடி பொதுவாக எல்.டி.எல் 100-க்குக் கீழே, சர்க்கரை நோய் போல ஆபத்து கூடியவர்களுக்கு 70-க்குக் கீழே, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. லேப் அச்சடித்துத் தரும் 'நார்மல்' கட்டம் உங்களுக்கு ஸ்டென்ட் வைத்ததை அறியாது. இன்னொன்று, லிப்போபுரோட்டீன் 'லிட்டில் ஏ' என்ற இன்னொரு கொழுப்புத் துகளுக்கான சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்ளுங்கள், முக்கியமாகக் குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால். அது பரம்பரையாக வருவது, டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, சாப்பாட்டில் எங்கே கை வைப்பது? ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால் சோற்றின் அளவு, சர்க்கரை, மது, இந்த மூன்றில். கல்யாண வீட்டு அசோகா அல்வா ஒரு நாள் விஷயம், தினம் மூன்று தடவை சர்க்கரை போட்ட காபி அப்படியில்லை. எல்.டி.எல் ஏறியிருந்தால் எண்ணெயைப் பாருங்கள். ரேஷன் பாமாயிலில் எல்.டி.எல்லை ஏற்றும் நிறைகொழுப்பு சுமார் 40 சதவீதம், கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அதில் பாதி அளவோ அதற்கும் குறைவோதான். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்பி ஊற்றாதீர்கள், தாவர எண்ணெய் எதிலும் அது பேருக்குக்கூட இருக்காது.

'அடைப்பைக் கரைக்கும்' பொடி, கஷாய வீடியோ வந்தால் இரண்டே கேள்வி. சோதித்தது எலியிலா, மனிதரிலா? சாதாரண எலிக்குக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல்லில்தான் ஓடுகிறது, மரபணுவை மாற்றினால்தான் அதற்கு அடைப்பே வரும். அடுத்து, எண் மட்டும் மாறியதா, மாரடைப்பும் குறைந்ததா? டார்செட்ரபிப் என்ற மருந்து எச்.டி.எல்லை ஜோராக ஏற்றியது, ஆனால் மருந்து எடுத்தவர்களில் சாவு கூடியதால் 2006-இல் சோதனையையே நிறுத்தினார்கள். எல்.டி.எல்லைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டது: எல்.டி.எல் 39 குறைந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அதனால் ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள், நன்றாக வந்ததே மாத்திரையால்தான். தசைவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

கடைசியாக, ரிப்போர்ட்டில் வராத ஒன்று. வரப்பில் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? பீடி, சிகரெட், சர்க்கரை நோய் இருந்தால் வயசு என்று தள்ளாதீர்கள், காலிலும் அடைப்பு வரும். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்றே எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்ப்பார்கள்.