ரெடிஸ் சர்வருக்கு முன்னால் ஸ்டன்னல்: நிறுவுதலும் பராமரிப்பும்

ரெடிஸ் தரவுத்தளத்துக்கு, நெட்வொர்க்கில் போகும் தரவை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் வசதி 2020இல் வந்த 6ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பை விட்டு நகர முடியாத நிலையில் இருப்பவர்களின் கடவுச்சொல்லும் தரவும் நெட்வொர்க்கில் எவரும் படிக்கக்கூடிய எழுத்தாகவே போய் வருகின்றன. நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் இதற்குத் தீர்வு தருவது ஸ்டன்னல். மிஹாவ் ட்ரொய்னாரா 1998 முதல் வளர்த்துவரும் இந்த ப்ராக்ஸி, ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் துணையுடன் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பை ஒரு போர்ட்டில் ஏற்று, அதைப் பிரித்து, உள்ளே காத்திருக்கும் சேவைக்குக் கொடுக்கிறது.

டெபியன் லினக்ஸில் தொகுப்பின் பெயர் ஸ்டன்னல்4. ஆப்ட் கட்டளையால் நிறுவிவிடலாம். நிறுவிய பின் எதுவும் ஓடவில்லையே என்று பதற வேண்டாம். ஈடிசி அடைவில் உள்ள ஸ்டன்னல் துணை அடைவில், கான்ஃப் என்று முடியும் அமைவுக் கோப்பை நாம் எழுதும்வரை அதற்கு வேலை இல்லை. பழைய டெபியன் பதிப்புகளில் டிஃபால்ட் அடைவிலுள்ள கோப்பில் எனேபிள்ட் மதிப்பை 1 ஆக்கவும் வேண்டியிருந்தது.

சர்வர் பக்க அமைவு சிறியது. சதுர அடைப்புக்குள் சேவைக்கு ஒரு பெயர், அக்செப்ட் வரியில் வெளியிலிருந்து வருவோருக்கான போர்ட் 6380, கனெக்ட் வரியில் அதே கணினியில் ரெடிஸ் காத்திருக்கும் 127.0.0.1:6379, அதன் பின் சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழுக்கும் தனிச்சாவிக்கும் உரிய பாதைகள். சான்றிதழ்க் கோப்பில் நம் சர்வரின் சான்றிதழ் முதலிலும் இடைநிலைச் சான்றிதழ் அடுத்தும் இருக்க வேண்டும். எந்த முகவரியில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் ரெடிஸின் பைண்ட் வரியையும் 127.0.0.1 ஆக்கி, 6379ஐ ஃபயர்வாலில் மூடிவிடுங்கள். அது வெளியே திறந்தே கிடந்தால் முன்வாசலில் பூட்டுப் போட்டு என்ன பயன்?

ரெடிஸை அணுகும் கணினியில், அதாவது கிளையன்ட் பக்கத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அங்கும் ஸ்டன்னலை நிறுவி, கிளையன்ட் வரியில் யெஸ் என்று எழுதியவுடன் இணைப்பு கிடைத்துவிடும். ஆனால் எதிரில் இருப்பவரின் சான்றிதழை ஸ்டன்னல் இயல்பாகச் சரிபார்ப்பதில்லை. நடுவில் ஒருவர் தம் சான்றிதழைக் காட்டி உட்கார்ந்தாலும் அவரோடு பத்திரமாக மறைகுறியாக்கிப் பேசிக்கொண்டிருக்கும். ஆகவே வெரிஃபைசெயின் வரியில் யெஸ், சிஏஃபைல் வரியில் நம்பத்தக்க சான்றளிப்பாளர்களின் கோப்பு, செக்ஹோஸ்ட் வரியில் சர்வரின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதாமல் வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. முடிந்தால் செக்ஹோஸ்ட்டில் வேண்டுமென்றே தவறான பெயர் ஒன்றை இட்டு, இணைப்பு மறுக்கப்படுவதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இலவசச் சான்றளிப்பாளரான லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் 90 நாள் செல்லும். செர்ட்பாட் என்னும் நிரல் அதைத் தானாகப் புதுப்பித்தது. அமைவை மீண்டும் படிக்கச் சொல்லும் ஹப் சிக்னலும் ஸ்டன்னலுக்குப் போனது. இருந்தும் ஒரு நாள் காலையில் எல்லா இணைப்புகளும் அறுந்தன. செட்யுஐடி வரியின்படி ஸ்டன்னல் தொடங்கும்போது முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இருந்து சாவியைப் படித்துவிட்டு, பிறகு ஸ்டன்னல்4 என்னும் சாதாரணப் பயனராக இறங்கியிருந்தது. அந்தப் பயனரால் ரூட்டுக்கு மட்டுமே உரிய புதிய சாவியைத் திறக்க முடியவில்லை. லாக்கில் பிழை பதிவாகியிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பழைய சான்றிதழுடனேயே அது காலாவதி வரை ஓடியிருக்கிறது. இப்போது புதுப்பித்தல் முடிந்ததும் ஓடும் செர்ட்பாட்டின் டிப்ளாய் கொக்கியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அது சாவியை ஸ்டன்னல் அடைவுக்கு நகலெடுத்து, உரிமையை ஸ்டன்னல்4 பயனருக்கு மாற்றி, அனுமதியை 600 (உரியவர் மட்டுமே படிக்க, எழுத) ஆக்கிய பிறகே சிக்னல் அனுப்புகிறது.

சிக்கல் வந்தால் டீபக் மதிப்பை இயல்பான 5இலிருந்து 7க்கு உயர்த்தினால் ஒவ்வோர் இணைப்பின் கைகுலுக்கலும் லாக்கில் விரிவாக வரும். காரணம் தெரிந்ததும் திரும்ப இறக்கிவிடுங்கள், இல்லையேல் வட்டு நிரம்பும். மாதம் ஒருமுறை ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையால் வேறொரு கணினியிலிருந்து 6380ஐத் தொட்டு, அங்கு கிடைக்கும் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வட்டில் உள்ள கோப்பின் தேதியைப் பார்ப்பது போதாது. ஓடும் ஸ்டன்னலின் கையில் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்பதை அந்தப் போர்ட் மட்டுமே காட்டும்.