மேல்முறையீட்டுக் கெடு தாண்டிய பிறகு: என் அனுபவம்

எங்கள் விளைக்கு (தோட்டத்துக்கு) போகும் பாதை வழக்கில் பத்மநாபபுரம் முன்சீப் கோர்ட் தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் கெடு. அந்த நேரம் பார்த்து, வழக்கை நடத்திய அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கெடு தாண்டிவிட்டது.

வக்கீல் முதலில் கேட்டது தீர்ப்பு நகலைத்தான். நகலுக்கு மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் அதிலேயே குறித்திருக்கும். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 12-வது பிரிவின்படி, நகல் எடுக்க ஆன நாள்களைக் கெடுவில் சேர்க்க மாட்டார்கள். நல்லவேளை, கெடுவுக்குள்ளேயே நகல் மனு போட்டிருந்தோம். கழித்துப் பார்த்ததும் தாமதம் வெகுவாகக் குறைந்தது.

மீதி நாள்களுக்கு அதே சட்டத்தின் 5-வது பிரிவின்கீழ் தாமத மன்னிப்பு மனு, அதாவது தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை ஏற்கச் சொல்லிக் கேட்கும் மனு, போட்டோம். "உடம்பு சரியில்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். எப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், எப்போது வீட்டுக்கு வந்தார், எப்போது வக்கீலைப் பார்த்தோம் என்று தேதிவாரியாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதினோம். வீடு திரும்பியதற்கும் மனு போட்டதற்கும் இடைப்பட்ட நாள்களைத்தான் எதிர்த்தரப்பு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்பா நடமாட முடியாமல் இருந்ததற்கு டாக்டர் சான்றிதழ் கைகொடுத்தது.

இன்னொன்று, ரொம்ப முக்கியம்: உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 41, விதி 3ஏ-யின்படி, இந்த மனு முடிவாகும்வரை தீர்ப்பை நிறைவேற்றுவதற்குத் தடை கிடைக்காது. அதனால் மனு சீக்கிரம் முடியட்டும் என்று, நோட்டீஸ் தாமதமாகாதபடி எதிர்த்தரப்பின் சரியான விலாசங்களைக் கொடுத்தோம்.

செலவுத்தொகை கட்டச் சொல்லி மனுவை அனுமதித்தார்கள். சொன்ன தேதிக்குள் கட்டினோம். அப்புறம் மேல்முறையீட்டுக்கு நம்பர் விழுந்தது, அதாவது கோர்ட்டில் பதிவானது.