குழம்பை விடாமல் இரவுச் சாப்பாட்டை இலேசாக்குவது எப்படி

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் கைவைப்பது குழம்பில்தான். ஒரு வாரம் சாலட், அடுத்த வாரம் ஓட்ஸ் கஞ்சி, மூன்றாவது வாரம் சிங்கப்பூர்த் தேக்காவில் பிரியாணி. குழம்பின்மேல் பழி போட வேண்டியதே இல்லை. நம் வீட்டு இரவுச் சாப்பாட்டில் கலோரி சேர்வது பெரும்பாலும் மூன்று வழிகளில்: வதக்க ஊற்றும் எண்ணெய், தேங்காய்ப்பால், தட்டில் சோறு பிடிக்கும் இடம். இந்த மூன்றையும் அளந்து மாற்றினால் போதும். புளியும் மிளகாயும் இருந்தபடி இருக்கட்டும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

வழக்கம்போலச் சமையுங்கள், அளந்து மட்டும் பாருங்கள். எண்ணெய் போத்தலில் ஒரு துண்டு டேப் ஒட்டி, திங்கட்கிழமை எண்ணெய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கோடு போடுங்கள். அடுத்த திங்கள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் வாரம் ஒரு லிட்டர் போகிறது என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 36 மில்லி. கிட்டத்தட்ட 290 கலோரி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவானாலும் கலோரிக் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு மேசைக்கரண்டிக்கு 120, ஒரு தேக்கரண்டிக்கு 40.

சோற்றுக்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. அதில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும், 530 கலோரிக்குப் பக்கம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. இரவுக்கு 150 கிராம் சோறு என்று வைத்துக்கொண்டால் 195. முதல்முறை தராசில் வைத்துப் பார்க்கும்போது 'இவ்வளவுதானா' என்றுதான் தோன்றும். அதனால்தான் தட்டின் மற்ற பகுதிகளை முதலில் நிரப்பச் சொல்கிறோம். சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் பங்கீடு எளிது: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு மீன், பருப்பு போன்ற புரதம், கால் தட்டு முழுத்தானியம். நம் வீடுகளில் சோற்றைப் போட்டுவிட்டு மிச்ச இடத்தில் பொரியல் வைப்போம். வரிசையை மாற்றிப் பொரியலை முதலில் வையுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எண்ணெய், சோறு, சாப்பிடும் நேரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றும் தெரியாது, எது பசியைக் கிளப்பியது என்றும் தெரியாது. எடையைக் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடுமுன் பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல் வாரச் சராசரியை நம்புங்கள். முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் உப்பு பிடித்துவைத்த தண்ணீரே தராசை ஏற்றிக் காட்டும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் இரவுச் சோற்றைத் தாமாகக் குறைக்கக்கூடாது. மருந்து அதே அளவிலும் மாவுச்சத்து குறைவாகவும் இருந்தால் தூக்கத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்பும் அப்படியே.

எண்ணெய் குறைந்தால் சமையல் எங்கே சொதப்புகிறது

நமக்குக் கைவந்த அடையாளங்கள் எல்லாம் எண்ணெயை வைத்தே பழகியவை. 'எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கு' என்றுதானே கற்றிருக்கிறோம்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நான்கு பேருக்குக் குழம்பு வைத்தால் எண்ணெய் பிரிந்தே வராது. வரும் வரும் என்று காத்திருந்தால் அடிப்பிடிக்கும். வேறு அடையாளங்களைப் பாருங்கள்: பச்சை மசாலா வாசனை போயிருக்க வேண்டும், கொதிக்கும் குமிழ்கள் சிறிதாகவும் வேகமாகவும் இல்லாமல் பெரிதாகவும் மெதுவாகவும் வெடிக்க வேண்டும், அகப்பையால் அடியில் கோடு இழுத்தால் ஒரு கணம் நின்று பிறகு மூட வேண்டும்.

அடுத்த சிக்கல் மசாலாத் தூள் கருகுவது. குறைந்த எண்ணெயில் மிளகாய்த்தூளை நேராகப் போட்டால் சில வினாடிகளில் கசந்துவிடும். தூள்களை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் குழைத்து விழுதாகப் போடுங்கள். தண்ணீர் வற்றும்வரை அவகாசம் கிடைக்கும். ஆனால் எண்ணெயே இல்லாமல் செய்ய முயலாதீர்கள். மசாலாவின் மணத்தில் பெரும்பங்கு கொழுப்பில்தான் கரையும். முழுவதும் தண்ணீரில் வெந்த குழம்பு கஷாய வாடை அடிக்கும்.

தாளிப்புக்கு அகலச் சட்டி வேண்டாம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அதில் பரவிப்போய்க் கடுகு வெடிக்காது. சின்னத் தாளிப்புக் கரண்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் ஓரத்தில் தேங்கும், கடுகு மூழ்கும், வெடிக்கும்.

பாத்தாங் மீன் குழம்பு, தேங்காய்ப்பால் இல்லாமல்

நான்கு பேருக்கு: பாத்தாங் மீன் (வஞ்சிரம் வகை) 500 கிராம், இரண்டு சென்டிமீட்டர் கனத் துண்டுகள். சின்ன வெங்காயம் 150 கிராம். தக்காளி மூன்று. புளி 20 கிராம், 300 மில்லி வெந்நீரில் கரைத்தது. மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, மல்லித்தூள் இரண்டு, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. ஆறு பல் பூண்டு, கறிவேப்பிலை, கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம். எண்ணெய் மொத்தமே ஒரு மேசைக்கரண்டி.

எண்ணெயில் இரண்டு தேக்கரண்டியை ஒட்டாத சட்டியில் விட்டு, வெங்காயத்தையும் பூண்டையும் ஒரு சிட்டிகை உப்போடு போட்டு மூடிவையுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை இழுக்கும்; அந்த நீரிலேயே வேகும். ஒட்டினால் எண்ணெயைத் தேடாமல் இரண்டு கரண்டித் தண்ணீர் தெளியுங்கள். பொன்னிறமானதும் தக்காளியைச் சேர்த்துக் கரையவிடுங்கள். இப்போது பாதியை எடுத்து ஆறவைத்து மைய அரைத்து மீண்டும் சட்டியில் ஊற்றுங்கள். தேங்காய் செய்யும் வேலையை இந்த விழுது செய்யும். குழம்பு நீர்த்துப் போகாது. குழைத்த மசாலாவைச் சேர்த்து நான்கு நிமிடம், பிறகு புளிக்கரைசலும் தேவையான உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். மீனைப் போட்டபின் அகப்பையை உள்ளே விட்டுக் கிளறாதீர்கள். சட்டியைப் பிடித்துச் சுற்றி ஆட்டுங்கள். சிறுதீயில் ஆறேழு நிமிடம். மீதி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்துக் கடைசியில் கொட்டுங்கள். மணம் மேலே நிற்பதால் எண்ணெய் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

பேரங்காடியில் கிடைக்கும் 200 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால் பெட்டி ஒன்றில், நிறுவனத்தைப் பொறுத்து, சுமார் 350 முதல் 450 கலோரி இருக்கும். அதற்குப் பதிலாகக் கொழுப்பு குறைந்த பாலை ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். புளிக்குழம்பில் செய்யாதீர்கள், புளிப்புப் பட்டதும் பால் திரிந்து திப்பிதிப்பியாகும். புளி இல்லாத குருமாவுக்குத் தயிர் சரி: 100 கிராம் தயிரில் ஒரு தேக்கரண்டி கடலைமாவு கலந்து நன்றாக அடித்து, அடுப்பைத் தணித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தேங்காய் இல்லாமல் மனசு கேட்காது என்றால் இரண்டு மேசைக்கரண்டித் துருவலை அரைத்து விடுங்கள். நான்கு பேருக்குப் பிரிந்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

பத்தரை மணிப் பசி

இலேசாகச் சாப்பிட்டுவிட்டு இரவு பத்தரைக்கு பிஸ்கட் டின்னைத் திறப்பவர்களின் தட்டில் பெரும்பாலும் புரதம் போதாது. ரசமும் கீரையும் சோறும் நல்லவைதான், ஆனால் காலை வரை தாங்காது. ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் புரதம் வர வேண்டும் என்று பாருங்கள். 100 கிராம் மீனில் சுமார் 20, முட்டை ஒன்றில் 6, சமைக்காத பருப்பு 50 கிராமில் 11. சைவர்களுக்கு இங்கே ஈரச்சந்தையிலேயே மலிவாகக் கிடைக்கும் இரண்டு பொருள் தாவ் குவாவும் (கெட்டி டோஃபு) தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா கட்டி). தெம்பே 100 கிராமில் 19 கிராம் வரை புரதம். தாவ் குவாவைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் கனம் வைத்துத் தண்ணீரை எடுத்துவிட்டு, மிளகுத்தூள் பிரட்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நான்கு பக்கமும் சிவக்க விடுங்கள். தண்ணீரை எடுக்காவிட்டால் சட்டியில் ஒட்டி உதிர்ந்து புர்ஜியாகிவிடும். தாவ் போக் என்னும் டோஃபு வேறு. அது ஏற்கெனவே பொரித்தது, பஞ்சுபோல எண்ணெயைப் பிடித்திருக்கும்.

காங்கோங் கீரை ஆளுக்கு 200 கிராம் எடுங்கள். வெந்தால் ஒரு கைப்பிடிதான். தண்டை முதலில் ஒரு நிமிடம், இலையை அதன்பின் முக்கால் நிமிடம், தீ நன்றாக எரிய வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள், இல்லாவிட்டால் நீர்விட்டு வதங்கிக் கறுக்கும்.

சப்பாத்திக்கு மாறினால் எடை குறையும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி, தடவ அரைத் தேக்கரண்டி எண்ணெய் என்றால் ஒன்று 125 கலோரி. மூன்று சாப்பிட்டால் 375. 200 கிராம் சோறே 260தான். கேழ்வரகு, தினை, பழுப்பரிசி ஆகியவற்றிலும் கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான். இவற்றில் பலவற்றுக்கு நார்ச்சத்து கூடுதல், வயிறு நிறைந்த உணர்வு நிற்கும், அதற்காகச் சாப்பிடலாம். அளவைத் தளர்த்த அது அனுமதிச் சீட்டு இல்லை. பழுப்பரிசியைத் தனியாக ஒரு மணி நேரமாவது ஊறவைத்துப் பிறகு வெள்ளை அரிசியோடு ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து வேகவையுங்கள். ஊறாமல் கலந்தால் ஒன்று குழையும், மற்றது பல்லில் கடிபடும். காலிஃபிளவர் சோறு குழம்புக்குச் சேராது.

வேலை முடிந்து எட்டரைக்குத்தான் சாப்பாடு என்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்து வருந்த வேண்டாம். கெடுப்பது ஆறு மணிக்கு எம்ஆர்டி ரயில் நிலையத்தருகே தே தாரிக் தேநீரோடு இறங்கும் இரண்டு வடை. கைப்பையில் ஒரு டப்பா அவித்த கொண்டைக்கடலை வைத்துக்கொள்ளுங்கள். கடலை வகைகள் விற்கும் கச்சாங் பூத்தே கடை கண்ணில் பட்டாலும் பொரித்ததை விட்டுவிட்டு அவித்ததைக் கேளுங்கள்.

மிஞ்சிய மீன் குழம்பை ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது மீனைத் தனியே எடுத்துவைத்து, குழம்பைக் கால் குவளைத் தண்ணீரோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, மீனைக் கடைசியில் இறக்கி உள்ளேயும் சூடேறும்வரை மூடிவையுங்கள். மீனோடு சேர்த்தே கொதிக்கவிட்டால் துண்டு உடைந்து முள் எல்லாம் குழம்பில் கலந்துவிடும்.