துக்கத்தோடு ஷாக்கிள்டன் வழியில் நடக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெருங்கியவரைப் பறிகொடுத்த பிறகு எங்கேயாவது கண்காணாத இடத்தில் நடந்து தீர்க்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும். துருவப் பயணக் கதைகளில் ஊறியவர் என்றால் மனசு தெற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவுக்குத்தான் போகும். அண்டார்டிகாவைக் குறுக்காகக் கடக்கக் கிளம்பி, கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கிய பிறகு, 22 பேரை எலிஃபன்ட் தீவில் விட்டுவிட்டு உதவி தேடிப் படகில் வந்த எர்னஸ்ட் ஷாக்கிள்டன், 1916 மே 19, 20 தேதிகளில் வொர்ஸ்லி, க்ரீன் இருவரோடு இந்தத் தீவைக் குறுக்காக நடந்து கடந்தார். கிங் ஹாகோன் விரிகுடாவிலிருந்து ஸ்ட்ரோம்னஸ் திமிங்கல வேட்டை நிலையம் வரை 36 மணி நேரம்.

பெரிய தவறு பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ‘ஒருவரைக்கூடச் சாகவிடாத தலைவர்’ என்று அவரைக் கொண்டாடுகிறோம் அல்லவா, அதை நம்பிப் போவதுதான் அது. அவர் எல்லோரையும் காப்பாற்றினார், என்னால் என் ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வழி நெடுகக் கூடவே வரும். ஆனால் அந்தப் பெருமை பாதி உண்மைதான். அதே பயணத்தின் இன்னொரு குழு அண்டார்டிகாவின் மறுபக்கத்தில், ராஸ் கடல் ஓரத்தில், அவருக்காக உணவுக் கிடங்குகள் வைத்துக்கொண்டிருந்தது. அதில் மூன்று பேர் இறந்தார்கள். ஸ்பென்சர்-ஸ்மித் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயில் போனார். மேக்கின்டாஷும் ஹேவர்டும் 1916 மே 8 அன்று கடல்பனி மேல் நடந்து போனவர்கள், திரும்பவே இல்லை. அன்று ஷாக்கிள்டன் இன்னும் கடலில், படகில். அவர் தெற்கு ஜார்ஜியாவில் கரையேறியதே மே 10. தன் ஆட்கள் இறந்தது தெரியாமல்தான் அந்த மலைகளைத் தாண்டினார். 1917 ஜனவரியில் மிச்சம் இருந்தவர்களை மீட்கப் போனபோதுதான் தெரிந்தது. உடல்களைத் தேடியும் கிடைக்கவில்லை. பிராயச்சித்தமாக நடக்க நினைப்பவர் இந்தப் பகுதியையும் படித்துவிட்டுக் கிளம்பட்டும்.

அப்புறம், அவரைப் போலவே 36 மணி நேரத்தில் முடிக்க நினைப்பது. அவர்களிடம் கூடாரம் இல்லை, படுக்கைப் பை இல்லை. மலையேறும் கருவி என்று 50 அடி கயிறு, தச்சரின் வாய்ச்சி, பிடிமானத்துக்குப் பூட்ஸ் அடியில் படகிலிருந்து கழற்றிய திருகாணிகள், அவ்வளவுதான். நிலவு இருந்தது, வானிலையும் கருணை காட்டியது. நின்றால் உறைந்துவிடுவோம் என்பதால் ஓடினார்கள். இன்று முழு வழியையும் போகிற குழுக்கள் கூடாரம், பனிச்சறுக்கு வண்டி எல்லாம் இழுத்துக்கொண்டு சில நாட்கள் எடுத்துக்கொள்கின்றன. தீவின் அரசு தரும் முன் அனுமதி இல்லாமல் போகவும் முடியாது.

துக்கத்தைக் குழுத் தலைவரிடம் மறைப்பதும் தவறு. அனுதாபம் வேண்டாம் என்று வாய்மூடி இருப்பவர்கள் உண்டு. ஆனால் பனியாற்றில் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பார்கள். துக்கத்தில் தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, சொன்னது காதில் ஏறாது. முடிச்சைச் சரிபார்க்க மறந்தால் விழப்போவது நீங்கள் மட்டும் இல்லை. களைத்தவருக்குத் தன் களைப்பு தெரியாது என்பது ஷாக்கிள்டனுக்குத் தெரியும். வழியில் கூட வந்த இருவரும் உட்கார்ந்தபடியே தூங்கிவிட, ஐந்தே நிமிடத்தில் எழுப்பி, அரை மணி நேரம் தூங்கினீர்கள் என்று சொல்லி நடக்க வைத்தார். உங்களையும் அப்படிக் கவனிக்க ஒருவர் வேண்டும். அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்று பேர் நடந்தும் நான்காவதாக ஒருவர் கூட வந்தது போல இருந்தது என்று ஷாக்கிள்டன் பின்னால் எழுதினார். இதைப் படித்துவிட்டு, இறந்தவர் நம்மோடு நடப்பார் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது தூக்கமும் உணவும் இல்லாத உடம்பில் வந்த உணர்வாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதை வரவழைப்பதற்காகப் பட்டினி கிடப்பதும் தூக்கத்தைத் தள்ளுவதும் சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

திதியன்றோ நினைவு நாளன்றோ அங்கே நிற்க வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். தீவில் விமான நிலையம் கிடையாது. காற்று எழுந்தால் கப்பல் தலைவர் இறங்கவே விடமாட்டார். அஸ்தியை ரகசியமாகப் பையில் வைத்துக்கொண்டு போவதும் வேண்டாம். பூட்ஸில் ஒட்டிய விதையைக்கூட விடாமல் சோதிக்கும் இடம் அது. அதே தீவின் கிரிட்விகனில் ஷாக்கிள்டன் கல்லறைக்குப் பக்கத்தில் 2011இல் அவருடைய துணைத் தலைவர் ஃபிராங்க் வைல்டின் அஸ்தியைப் புதைத்தார்களே என்று கேட்கலாம். அது ஊரறியச் செய்தது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பனிமலை அனுபவம் இல்லாதவர்களுக்குக் கடைசித் துண்டே போதும் என்பேன். ஃபார்ச்சூனா விரிகுடாவிலிருந்து ஸ்ட்ரோம்னஸ் வரை சுமார் 6 கிலோமீட்டர், ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றம். சுற்றுலாக் கப்பல்களே வழிகாட்டியோடு கூட்டிப்போகின்றன. அந்த நிலையத்தின் கதவைத் தட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் கனவு காணாதீர்கள். கட்டடங்கள் இடிந்து கிடக்கின்றன, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. கிட்டே போகத் தடை. டிசம்பரில் போனால் கரையெங்கும் ஃபர் சீல்கள் குட்டிகளோடு கிடக்கும், துரத்திக் கடிக்கவும் செய்யும். கண்ணீரோடு தலை குனிந்து நடக்கிறவர்கள் வழிகாட்டிக்குப் பின்னாலேயே நடப்பது நல்லது.