முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கும் சர்க்கரைப் பொங்கல்: அளந்து பரிமாறும் முறை

குழந்தைக்கு முதல் வகை நீரிழிவு என்று தெரிந்ததும் பல வீடுகளில் வெல்ல டப்பா பரணுக்குப் போய்விடுகிறது. பண்டிகை நாளில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல், அந்தக் குழந்தைக்கு மட்டும் வெண்பொங்கல் என்று தனி இலை போடுகிறார்கள். இந்நோய் இனிப்புத் தின்றதால் வந்ததன்று. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது. வெண்பொங்கலிலும் மாவுச்சத்து (சர்க்கரையும் அடங்கிய கார்போஹைட்ரேட்) இருக்கிறது, அதற்கும் இன்சுலின் வேண்டும். ஆகவே இனிப்பை விலக்குவதைவிட அதை அளக்கக் கற்பதே குழந்தைக்கு நாம் செய்யக்கூடிய நல்ல காரியம்.

முதலில், ஒரு யூனிட் இன்சுலின் எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஈடாகும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது குழந்தைக்குக் குழந்தை மாறும். ஒரே குழந்தைக்குக் காலையில் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் இருக்கலாம். நாளுக்கு இவ்வளவு என்று மாறாத அளவில் ஊசி போடும் குழந்தையாக இருந்தால், பொங்கலில் வரும் மாவுச்சத்தின் அளவுக்கு அதே வேளைச் சோற்றைக் குறைப்பது எப்படி என்று கேளுங்கள்.

இரண்டாவது, கிராம் காட்டும் டிஜிட்டல் தராசில் பொருள்களைச் சமைப்பதற்கு முன்பே நிறுங்கள். பச்சரிசி 150 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெல்லம் 200 கிராம், முந்திரி 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் மாவுச்சத்து அரிசியில் சுமார் 117, பருப்பில் 30, வெல்லத்தில் 180, முந்திரியில் 6, ஆக ஏறத்தாழ 333 கிராம். நெய்யில் மாவுச்சத்து இல்லை. "வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லும் உறவினர்களுக்கு இந்தக் கணக்கையே காட்டலாம்: ரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில் வெல்லத்துக்கும் வெள்ளைச் சீனிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

மூன்றாவது படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சமைக்கும் பாத்திரத்தை வெறுமையாக நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். நெய்யும் முந்திரியும் சேர்த்துக் கிளறி இறக்கிய பின், கரண்டியை எடுத்துவிட்டு, பாத்திரத்தோடு மறுபடி நிறுத்து முன்குறித்த எடையைக் கழித்துவிடுங்கள். பொங்கல் 1,110 கிராம் வந்தால், 100 கிராமில் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, 50 கிராம் போட்டால் அதில் 15 கிராம். தண்ணீர் கூடினால் எடையும் கூடும் என்பதால், போன முறை வந்த விகிதத்தை அப்படியே எடுத்தாளாமல் ஒவ்வொரு முறையும் நிறுக்க வேண்டும்.

நான்காவது, பொங்கலைத் தனித் தின்பண்டமாகக் கொடுக்காமல் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுங்கள். ஒரே ஊசியில் முடியும். விரைவாகச் செயல்படும் இன்சுலின் என்றால் உண்பதற்குச் சுமார் 15 நிமிடம் முன்பும், ரெகுலர் இன்சுலின் என்றால் அரை மணி நேரம் முன்பும் போடுவது வழக்கம். அதற்கு முன் விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பொங்கல் உதவாது, நெய் அதன் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் வீதம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அதே நெய்யின் காரணமாக, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் நன்றாக இருந்த சர்க்கரை, நான்காவது மணி நேரத்தில் ஏறலாம். ஆகவே இரண்டு வேளையும் பாருங்கள். ஏறியிருக்கிறதே என்று அவசரப்பட்டு அடுத்த ஊசி போட்டுவிடாதீர்கள். முதல் ஊசியின் மருந்து இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். திருத்த ஊசி எப்போது, எவ்வளவு என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

பாயசத்துக்கும் இதே முறைதான். 100 மில்லி பாலுக்கு 5 கிராம் மாவுச்சத்து சேர்த்துக்கொள்ளுங்கள். அதிரசம் போன்றவற்றில் மொத்தக் கணக்கை எண்ணிக்கையால் வகுத்தால் போதும், அளவு ஒன்றுபோல் தட்டியிருந்தால். கடையில் 'சுகர் ஃப்ரீ' என்று விற்கும் இனிப்புகளிலும் மாவும் பாலும் இருப்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது.