கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி வகுப்பது எப்படி: ஜான் வூடனின் வழி

கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பொறுப்பை ஏற்பவர், அமெரிக்கப் பயிற்சியாளர் ஜான் வூடன் வென்ற கோப்பைகளைவிட, அவர் பயிற்சி நேரத்தைச் செலவிட்ட விதத்தையே கவனமாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1948இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்த அவர், 1975இல் ஓய்வுபெறும்வரை 10 தேசியப் பட்டங்களை வென்றார். ஆயினும் முதல் பட்டம் 1964இல்தான் கிடைத்தது.

அன்றாடப் பயிற்சியைக் காலையிலேயே எழுத்தில் வடித்துவிடுங்கள். வூடன் துணைப் பயிற்சியாளர்களுடன் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அமர்ந்து, மாலையில் எந்த நிமிடத்தில் எது நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்து, சிறு அட்டையில் குறித்துக்கொள்வார். குறித்த நேரம் முடிந்ததும், ஆட்டக்காரர்கள் இன்னும் தேறாவிட்டாலும் அடுத்த பயிற்சிக்குச் சென்றுவிடுங்கள். விடுபட்டதை மறுநாள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய திட்டங்களையும் அவரைப் போலவே பாதுகாத்து வையுங்கள்.

பருவத்தின் முதல் நாளில் அவர் கற்றுக்கொடுத்தது சாக்ஸ் அணியும் முறை. விரல்களிலும் குதிகாலிலும் சுருக்கம் விழாதபடி சாக்ஸைக் கையால் நீவி, மேல்பகுதியை இழுத்துப் பிடித்தபடியே ஷூவுக்குள் காலை நுழைக்க வேண்டும். பிறகு லேஸைத் துளை துளையாக இறுக்கி, இரட்டை முடிச்சிட வேண்டும். சுருக்கம் கொப்புளத்தை உண்டாக்கும், கொப்புளம் வந்தவர் வெளியே உட்கார நேரும் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்வார். நீங்களும் காரணத்தை விட்டுவிடாதீர்கள்.

1974-75 பருவத்தில் ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளைக் கூர்ந்து பதிவு செய்தபோது, அவர் சொன்னவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு எதை, எப்படிச் செய்வது என்ற அறிவுறுத்தலாகவே இருந்தது. பாராட்டும் கண்டிப்பும் மிகக் குறைவு. எனவே ஒருவர் தவறினால் நீண்ட உரை வேண்டாம்: சரியான முறையைச் செய்துகாட்டுங்கள், அவர் செய்ததைக் காட்டுங்கள், மீண்டும் சரியானதைக் காட்டுங்கள். சில நொடிகளில் பந்து மறுபடியும் ஓட வேண்டும்.

உத்தியை மட்டும் ஆட்களுக்கேற்ப மாற்றத் தயங்காதீர்கள். 1964இல் தொடக்க ஐவரில் ஒருவரும் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டாத நிலையில், துணைப் பயிற்சியாளர் ஜெரி நார்மன் வலியுறுத்திய முழு ஆடுகள நெருக்கடித் தடுப்பை, அதாவது எதிரணியை ஆடுகளம் முழுவதிலும் நெருங்கித் தடுக்கும் முறையை, வூடன் ஏற்றார். அணி 30 ஆட்டங்களிலும் வென்றது. பின்னர் கரீம் அப்துல் ஜப்பார் என்று அறியப்பட்ட நெடிய லூ அல்சிண்டர் வந்ததும், தாக்குதல் முறையையே அவரைச் சுற்றித் திருத்தி அமைத்தார். ஆகவே காலைக் கூட்டத்தில், உங்கள் திட்டத்தைச் சொல்வதற்கு முன்பே துணைப் பயிற்சியாளரின் கருத்தைக் கேட்டுவிடுங்கள்.