அட்டவணையைப் பார்த்ததும் ‘அநியாயம்’ என்று கத்துவதற்கு முன்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியில், மார்ச் மாதம் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் 16 அணி சாம்பியன்ஷிப் அட்டவணை வந்த அன்றே புலம்பலும் தொடங்கிவிடும். அதில் பாதிக்கு நியாயம் உண்டு. ஆனால் திட்டு பெரும்பாலும் வேறு யார் மேலோ போய் விழுகிறது.

சீடிங்கையும் (அணிகளின் தரவரிசை) ஆடுகளத்தையும் (எந்த ஊரில் ஆடுவது) ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இதில் பெரிய தவறு. சீடிங் கணக்கில் வருவது. பல ஆண்டுகள் பேர்வைஸ் முறை, 2025-26 முதல் என்பிஐ; இரண்டுமே ஆட்ட முடிவுகளை வைத்து அணிகளை வரிசைப்படுத்தும் கணக்குகள். பிடித்த அணியைத் தூக்கிவிட அங்கே யாருக்கும் பெரிதாக இடமில்லை. வரிசைப்படி 7ஆம் அணிக்கு எதிராக ஏன் 10ஆம் அணி வரவில்லை என்று கேட்பவர்கள், ஒரே லீக் அணிகள் முதல் சுற்றில் மோதாமல் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்காக நான்கு நான்கு அணிகளாகப் பிரித்த கட்டுக்குள் இடம் மாற்றுவது வழக்கம்தான்.

ஆடுகளக் கதை வேறு. 16 அணிகளையும் நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை சீடு கொடுப்பார்கள்; மண்டலத்தை வெல்லும் அணி அரையிறுதிக்குப் போகும். அந்த நான்கு மண்டல நகரங்களையும் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். 2023இல் நார்த் டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ தவிர மற்ற மூன்றும் கிழக்கே அமைந்தன. ஃபார்கோ ஒட்டுமொத்த வரிசையில் முதலிடத்து மினசோட்டாவுக்குப் போனது. அதே வரிசையில் நான்காம் இடத்தில் இருந்த, மேற்கே உள்ள டென்வர், கிழக்குக் கோடியில் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் வரை பறந்தது. அதே மண்டலத்தில் இரண்டாவது சீடான பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கோ அது பக்கத்து ஊர் மாதிரி. டென்வர் முதல் ஆட்டத்திலேயே கார்னெலிடம் 2-0 எனத் தோற்றது. யாரும் சதி செய்யவில்லை. வரைபடம் அப்படி அமைந்துவிட்டது.

சரி, உண்மையான குறை எது? மண்டலப் போட்டியை நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால், சீடு எதுவானாலும் அங்கேயே ஆடும் என்ற விதிதான். 2025இல் பென்சில்வேனியாவின் அலென்டவுன் நகரில் மண்டலப் போட்டியை நடத்தியது பென் ஸ்டேட். நான்காவது சீடாக உள்ளே வந்தது. முதல் சீடான மேய்ன் அணி, பரிசாகக் கிடைத்திருக்க வேண்டிய ஆட்டத்தில் எதிராளியின் ரசிகர் கூட்டத்துக்கு நடுவே ஆடி 5-1 எனத் தோற்றது. பிறகு கனெக்டிகட்டையும் கூடுதல் நேரத்தில் வென்று பென் ஸ்டேட் அரையிறுதிக்கே போய்விட்டது.

அதற்காக நடத்தும் அணிக்கு வெற்றி உறுதி என்றும் சொல்லிவிட முடியாது. 2017இல் ஃபார்கோவில் போட்டியை நடத்திய நார்த் டகோட்டா பல்கலைக்கழகம், இரண்டாவது கூடுதல் நேரத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் தோற்று வெளியேறியது.

ஒரே ஆட்டத்தின் முடிவை வைத்து சீடிங்கே தப்பு என்பதும் வேண்டாம். 2013இல் தட்டுத் தடுமாறி உள்ளே நுழைந்த யேல், இறுதியில் முதலிடத்து குயினிபியாக்கை 4-0 என வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. ஒரு கோல்கீப்பருக்கு நல்ல நாள் அமைந்தால் ஹாக்கியில் எந்த வரிசையும் நிற்காது.

பெண்கள் போட்டியில் காலிறுதி வரை மேல் சீடு அணிகளின் சொந்த அரங்குகளிலேயே நடக்கிறது. ஆண்களுக்கும் அப்படி வேண்டும் என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். பொதுக்களம் என்று பெயர் வைத்துவிட்டு, கடைசி சீடுக்குச் சொந்த ஊர்க் கூட்டத்தைக் கொடுப்பதைவிட, பருவம் முழுக்க உழைத்து மேலே வந்த அணிக்கே அதைக் கொடுத்துவிடலாம்.